மொறிஸ் மைனருக்கு ஓம் சொன்ன அன்ரன்

அன்ரனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அவனுடைய பயத்திலிருந்துதான் தொடங்கவேண்டும். பாரிசின் லாச்சப்பலில் பயமில்லாத தமிழன் யார் என்று கேட்பீர்கள். சரிதான். என்னிடம் பத்து வருட வதிவிட கார்ட் இருக்கிறது, அப்படியிருந்தும் மெத்ரோ வாசலில் பொலிஸ் நின்றால் நான் மற்ற வாசலைத் தேடுவேன். ஆனால் அன்ரனுடைய பயம் வேறு ரகம். ரிக்கற் எடுத்துத்தான் ரயில் ஏறுவான். ஏறிய பிறகு மூன்று தரம் பொக்கற்றைத் தடவிப் பார்ப்பான். யாராவது நீல ஜக்கெற்றோடு பெட்டிக்குள் வந்தால் அடுத்த ஸ்ரேசனில் இறங்கிவிடுவான், நானும் கூடவே இறங்கவேண்டும். இந்த மனுசனோடு வெளிக்கிட்டு நேரத்துக்கு ஓரிடத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மன்னாரில் அடம்பன் அவனுடைய ஊர். இடம்பெயர்ந்து வன்னியில் பதினைந்து வருடம் கராச் வேலை செய்தவன். 2010 தை மாதம் பாரிசுக்கு வந்தான். அகதி வழக்கு இரண்டு தரம் விழுந்தது. ஃபுபூர் சென்-தெனி வீதியில் ஐந்தாம் மாடியில் என் அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது, வந்து படுத்தான். நான் கீழே ஒரு ரெஸ்ரோறன்றில் கொத்துறொட்டி போடுகிறவன். சனிக்கிழமைகளில் அங்கே சாப்பிட வருகிற பாலச்சந்திரன் அண்ணைக்கு பாரிசுக்கு வெளியே எபினேயில் சொந்தக் கராச் இருந்தது. நான்தான் கேட்டு அன்ரனை அங்கே சேர்த்துவிட்டேன். வழக்கு விழுந்த பிறகும் அண்ணை அவனை நிறுத்தவில்லை, மாதாமாதம் சம்பளத் துண்டும் கொடுத்தார். அதற்கு அவருக்குப் புண்ணியம் கிடைக்கட்டும்.

வேலையில் அன்ரனைக் குறை சொல்ல முடியாது. அவனுடைய வாயைப் பற்றித்தான் எனக்குக் குறை. என்ன கேட்டாலும் "ஓம்" என்பான். சாப்பிட்டாயா என்றால் ஓம், பட்டினியாக இருப்பான். குளிருதா என்றால் ஓம், குளிரவில்லையா என்றால் அதற்கும் ஓம். கேட்கிறவனுடைய முகத்தைப் பார்த்து, அவனுக்கு எந்தப் பதில் வேண்டுமோ அதைக் கொடுத்துவிடுவது. சோதனைச் சாவடிகளிலும் முகாம்களிலும் பழகிய பழக்கம். அங்கே அது உயிரைக் காப்பாற்றியது, ஆகவே நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் பாரிசில் அதே பழக்கம் அவனை எங்கே கொண்டுபோய் விட்டது என்று கேளுங்கள்.

2015 புரட்டாதியில் அன்ரன் வந்து ஐந்தரை வருடம் ஆகியிருந்தது. ஐந்து வருடம் இருந்த அத்தாட்சியும், சம்பளத் துண்டுகளும், வேலை தருகிறேன் என்று முதலாளி கையெழுத்திட்ட கடிதமும் இருந்தால் கார்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். முதல் இரண்டும் ஒரு பிளாஸ்ரிக் பையில் கட்டிலுக்குக் கீழே இருந்தன. மூன்றாவதுக்குரிய படிவத்தைப் பாலச்சந்திரன் அண்ணை நிரப்பித் தன் கோட்டின் உள் பொக்கற்றில் வைத்திருந்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து அவருடைய மகள் ரூபிகாவுக்கு ஒரு ஆசை வந்தது. அவளுக்கு இருபத்துநாலு வயது, இங்கேயே பிறந்தவள். வாகனப் பொறியியல் படித்துவிட்டுத் தகப்பனுடைய கராச்சிலேயே வேலை செய்தாள். தலைமயிரை உயர்த்திக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் போய்விடுவாள். அவள் ஒரு 'ஹொட் ரொட்' செய்யவேண்டுமாம். அது என்ன கோதாரி என்று நான் கேட்டேன். அரைநூற்றாண்டுக்கு முந்திய கார் ஒன்றை எடுத்து, அதன் கூட்டை வெட்டித் தாழ்த்தி, உள்ளேயிருக்கிற சின்ன எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெரிய எஞ்சினை இறக்கி, பழைய விமான ஓடுபாதையில் நேர்கோட்டில் பறக்கவிடுவதாம். பிரித்தானியக் கார்தான் வேண்டுமாம், சின்னதாகவும் பாரம் குறைவாகவும் இருக்குமாம். பழைய காருக்குள் வேறு எஞ்சினை இறக்கி ஓடுவதை எங்கள் பக்கத்தில் பொருளாதாரத் தடை என்று சொன்னோம். இவர்கள் பொழுதுபோக்கு என்கிறார்கள்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை கார் பார்க்கப் போனார்கள். திங்கள் எனக்கு ஓய்வு நாள். தள்ளுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று என்னையும் வானில் ஏற்றினார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதைதான். போவேவுக்கு அப்பால் ஒரு பண்ணை, ஒரு கிழவனுடைய தகரக் கொட்டில். உள்ளே மூன்று கார் நின்றது. ஒன்று கறுப்பு ஒஸ்ரின் டெவன், முன் கண்ணாடி இல்லை, பின் ஆசனத்தில் கோழி முட்டையிட்டிருந்தது. மற்றது ஃபோர்ட் பொப்புலர், நெட்டையாக, அலுமாரியை நிமிர்த்தி வைத்ததுபோல. மூன்றாவது மொறிஸ் மைனர். வெளிர்பச்சை, தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தான் கிழவன்.

பாலச்சந்திரன் அண்ணை மைனரைக் கண்டவுடன் மற்ற இரண்டையும் மறந்துவிட்டார்.

"எங்கடை அப்பா வைச்சிருந்தவர் இது. அதே பச்சை. பிள்ளை, இஞ்சை வந்து பார்."

"அப்பா, நிறத்தைப் பாக்காதேங்கோ" என்றாள் ரூபிகா. "பொப்புலருக்குத் தனிச் சசி இருக்கு. அடியிலை ரெண்டு பெரிய இரும்புச் சட்டம், அதுக்கு மேலைதான் உடம்பு. இங்கிலாந்திலை எல்லாரும் அதைத்தான் எடுக்கினம். மைனருக்குச் சசி இல்லை. உடம்புதான் எல்லாப் பாரத்தையும் தாங்கவேணும்."

"அது ஆக்கள் ஏறுற கார் மாதிரியே கிடக்கு? அலுமாரி. அன்ரன், நீர் சொல்லும். நீர்தானே வேலை செய்யப்போறனீர். மைனர் சரிதானே?"

அன்ரன் அப்போதுதான் மைனரின் அடியிலிருந்து எழுந்தான். வலது கையைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு நின்றான். வாயைத் திறந்தான், மூடினான். அடுத்த வெள்ளிக்கிழமை கடிதத்தில் கையெழுத்து வைக்கிறேன் என்று அண்ணை வானில் வரும்போதுதான் சொல்லியிருந்தார். நான் பின்னால் நின்று அவனுடைய முழங்கைக்கு மேலே பலமாகக் கிள்ளினேன்.

"ஓம் அண்ணை" என்றான் அன்ரன். "மைனர் நல்லது."

ரூபிகா பொப்புலரின் கூரையில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு தோளைக் குலுக்கி, "அன்ரன் மாமா ஓம் எண்டால் சரி" என்றாள். கிழவன் கைகொடுத்தான். நானும் மற்றவர்களோடு சேர்ந்து மைனரை வெளியே தள்ளினேன்.

அன்று பின்னேரம் உடுப்புத் தோய்க்க, காசு போட்டு ஓடுகிற மெசின்கள் உள்ள லாவறிக்குப் போனோம். மெசினுக்குள் உடுப்புச் சுற்றிக்கொண்டிருந்தபோது அன்ரன் பொக்கற்றிலிருந்து ஒரு துண்டை எடுத்து, உடுப்பு மடிக்கிற மேசையில் வைத்தான். ஒரு பக்கம் கறுப்புத் தார். மறுபக்கம் முழுக்கத் துருப்பிடித்த கறள். பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தினான், பொடியாகக் கொட்டிவிட்டது.

"மைனரின்ரை அடிப்பக்கம்" என்றான். "விரலாலை தொட்டன், கையோடை வந்திட்டுது. தாரைப் பூசி மறைச்சுக்கிடக்கு. ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கொண்டுவந்து இதிலை இறக்கப் போகினம்."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப ஏன்ரா அங்கை சொல்லேல்லை?"

"நீ கிள்ளினனி."

அவன் மெசினைப் பார்த்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கதைத்தான். ஐந்து வருடத்தில் அவன் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை.

"தொண்ணூற்றெட்டிலை, புதுக்குடியிருப்பிலை, நான் ஒரு மைனருக்கு வானின்ரை டீசல் எஞ்சின் இறக்கினனான். மண்ணெண்ணெய் கலந்து ஓடலாம் எண்டு. ரெண்டு மடங்கு பாரம். ரெண்டு மாதம் நல்லா ஓடிச்சுது, எல்லாரும் மெச்சிச்சினம். ஒருநாள் டிரைவர் வந்து, முன்கதவு பூட்டுதில்லை எண்டான். நான் அரத்தாலை பூட்டை ராவிக் குடுத்தன். கதவு ஏன் இறங்கினது எண்டு பாக்கேல்லை. பாத்திருந்தால் தெரிஞ்சிருக்கும், முன்பக்கம் பாரத்திலை மடியத் தொடங்கியிட்டுது. அடுத்த நாள் எங்கடை ரோசாலி அக்கா காய்ச்சல் எண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவ. அதிலைதான் போனவ."

மெசின் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் எழும்பவில்லை.

"முன்சில்லு மடிஞ்சு பனையிலை அடிச்சது. டிரைவர் தப்பிட்டான், அக்கா தப்பேல்லை. றோட்டிலை கிடங்கு, அதாலைதான் எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். ஊர் விதானையார் வந்து என்னட்டைக் கேட்டார், கிடங்குதானே தம்பி எண்டு. நான் ஓம் எண்டன்."

இதைக் கேட்ட பிறகு மனுசனாகப் பிறந்தவன் என்ன செய்யவேண்டும்? போய் உண்மையைச் சொல்லு என்று சொல்லவேண்டும். நான் சொன்னது இதுதான்: "அது சண்டைக்காலம். இஞ்சை அந்தப் பெட்டை படிச்சவள், அவளுக்குத் தெரியாததோ? நீ கடிதம் கையிலை வரும்வரை வாயைத் திறக்காதை." எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று எனக்கு வெட்கமாக இல்லை, பயமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கையெழுத்து விழவில்லை. கார்ட் கிடைத்த கையோடு முந்தி வேலைக்கு நின்ற மூன்று பேர் தன்னை விட்டுப் போய்விட்டார்கள் என்ற புண் பாலச்சந்திரன் அண்ணைக்கு இருந்தது. "கார் ஓடட்டும், அண்டைக்கே வைக்கிறன்" என்றார். பிறகு நவம்பர் வந்தது, நகரத்துக்குள் துவக்குச் சூட்டிலும் குண்டிலும் நூற்று முப்பது பேர் செத்தார்கள். அந்த நவம்பருக்குப் பிறகு பாரிசில் எந்த முனையில் திரும்பினாலும் துவக்கோடு ஆள் நின்றது. கார் து நோர் ஸ்ரேசனில் நாளுக்கு இரண்டு தரம் பத்திரம் கேட்கிற கொன்றோல். அன்ரன் விடிய நாலரைக்கு எழும்பி முதல் ரயிலில் எபினேக்குப் போவான், அதில் கொன்றோல் குறைவு என்று. தூக்கத்தில் பல்லைக் கடிப்பான். நான் தலையணையால் எறிவேன். வைகாசியில் ஓட்டப் போட்டி என்று ரூபிகா நாள் குறித்தாள். கார்ட் கொடுக்கிற பிரிபெக்சரில் அன்ரனுக்கு மார்ச் இருபத்துநாலு, வியாழக்கிழமை வரச்சொல்லி ரண்டெவு கிடைத்தது.

மாசியில் ஒரு திங்கள் காலை அன்ரன் என்னை எழுப்பி, "இண்டைக்கு எஞ்சின் இறக்கினம். நீயும் வா. தனியப் போகமாட்டன்" என்றான். துணைக்குத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துப் போனேன்.

கராச்சின் நடுவே மைனர் நின்றது. பொனற் இல்லை, கூரை வெட்டித் தாழ்த்தியிருந்தது. அதன் மேல் சங்கிலியில் எஞ்சின் தொங்கியது. ரூபிகா ஸ்பானரோடு காருக்கு அடியில் படுத்திருந்தாள். பாலச்சந்திரன் அண்ணை சங்கிலிப் பக்கம் நின்றார்.

"பிள்ளை, வெளியாலை வா" என்றான் அன்ரன்.

அவன் குரலில் என்ன இருந்ததோ, அவள் உடனே வெளியே வந்தாள். அன்ரன் அண்ணையிடம், "முன்கதவை ஒருக்காப் பூட்டுங்கோ" என்றான். அவர் பூட்டினார். சத்தத்தோடு பூட்டியது. அன்ரன் கதவைத் திறந்து விட்டு, சங்கிலியைக் கொஞ்சம் இளக்கினான். எஞ்சினின் பாரம் காரில் ஏறியது, பாதிகூட இல்லை, கால்வாசி. "இப்ப பூட்டுங்கோ" என்றான். கதவு பூட்டுக்குள் போகவில்லை. ஒரு விரலளவு விலகி நின்றது.

"இதுக்கென்ன?" என்றார் அண்ணை. "பூட்டைக் கொஞ்சம் ராவிவிட்டால் சரி."

புதுக்குடியிருப்பில் அன்ரன் செய்ததும் அதுதான். அவர் அறியாமல்தான் சொன்னார், அவருக்கு என்ன தெரியும். அன்ரன் சங்கிலியை இறுக்கிப் பிடித்தான்.

"இல்லை அண்ணை" என்றான். "நான் இதை இறக்கமாட்டன். அடி முழுக்கக் கறள்."

"அடியிலை புதுச் சட்டம் ஒட்டுறதுதானே மாமா பிளான்?" என்றாள் ரூபிகா.

"எதிலை பிள்ளை ஒட்டுறது? ஒட்டுறதுக்கு இரும்பு வேணும். உதுக்குள்ளை இரும்பு இல்லை."

பாலச்சந்திரன் அண்ணையின் முகம் சிவந்தது. "கொட்டிலிலை வைச்சுக் கேக்க ஓம் எண்டனி."

"பயத்திலை சொன்னன்."

"அப்ப இண்டைக்கு?"

"இண்டைக்கும் பயம்தான் அண்ணை."

"நாலு மாதம் என்ரை பிள்ளை இதோடை கிடந்து உழைச்சிருக்கிறாள். அண்டைக்குத் தெரிஞ்சும் ஓம் எண்டிருக்கிறாய். பொய்க்காரனுக்கு நான் எப்பிடியடா கையெழுத்து வைக்கிறது? போ. கண்ணுக்கு முன்னாலை நில்லாதை."

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கிள்ளியது நான் என்று சொல்லியிருக்கலாம். ரோசாலியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சுவரோடு ஒட்டி நின்றேன். அன்ரன் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைக் கடந்து போனான்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை அவன் அறையை விட்டு இறங்கவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தானே என்று நான் தினமும் ஏசினேன். "பெரிய நீதவான். இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தால் கார்ட், பிறகு எந்த உண்மையை வேணுமெண்டாலும் சொல்லியிருக்கலாம்." அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "ஒரு மாதத்திலை அவள் அதை ஓட்டிப் பாத்திருப்பாள்" என்றான். படிக்கட்டில் யாராவது ஏறிவந்தால் எழும்பி உட்காருவான். அவர்கள் தாண்டிப் போகும்வரை மூச்சு விடமாட்டான். பார்த்துப் பார்த்து அந்தப் பயம் எனக்கும் தொற்றிவிட்டது. ரெஸ்ரோறன்றில் என் கை வெட்டுப்பட்டது. அன்ரனைப் பிடித்து ஏற்றி அனுப்பிவிட்டால், கட்டிலுக்குக் கீழே இருக்கிற அந்தப் பிளாஸ்ரிக் பையை நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். அந்த யோசனைதான் என்னைத் தாங்கமுடியாமல் செய்தது.

மார்ச் இருபது ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக எபினேயில் அண்ணையின் வீட்டுக்குப் போனேன். பாலச்சந்திரன் அண்ணையின் மனைவி கமலராணி அக்கா தேத்தண்ணி தந்தார். நான் அதைக் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கிள்ளியதைச் சொன்னேன். லாவறியைச் சொன்னேன். ரோசாலியைச் சொன்னேன், பூட்டை ராவியதையும் சொன்னேன். அண்ணை நிலத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்த அக்காவுக்கு எத்தினை வயசு?"

"முப்பத்தொண்டு அண்ணை."

ரூபிகா கதவடியில் நின்றாள். "நான் அடுத்த நாளே தார் முழுக்கச் சுரண்டிப் பாத்தன்" என்றாள். "கை உள்ளுக்கை போகுது. அப்பாவுக்கும் காட்டினன்."

"காட்டினவள்" என்றார் அண்ணை. "கறளைப் பற்றிக் கதையில்லை. அந்தக் கார் பிழை, என்ரை ஆசையும் பிழை, ஒத்துக்கொள்ளுறன். ஆனால் அவன் ஓம் எண்டவன். நாளைக்கு வேறை ஒரு காருக்கு அவன் ஓம் எண்டால் அதை நான் என்னெண்டு நம்புறது? அந்த ஓமை நம்பித்தானே என்ரை பிள்ளையை ஏத்தவேணும்."

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. நான் எழும்பும்போது அவர், "நாளைக்குக் காலமை அவரையும் கூட்டிக்கொண்டு வாரும். அந்தக் கொட்டிலிலை பொப்புலர் இன்னும் நிக்குதாம்" என்றார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது சுவரில் தொங்கிய அதே கோட்டின் உள் பொக்கற்றில் இருந்தது, நுனி வெளியே தெரிந்தது.

திங்கட்கிழமை அன்ரனையும் கூட்டிக்கொண்டு வானில் ஏறினோம். வியாழக்கிழமை ரண்டெவு. இடையில் இரண்டு நாள். வழியெல்லாம் நான் மனதுக்குள் ஒன்றைத்தான் மன்றாடினேன். இந்தமுறை பயமில்லை, பொப்புலருக்குச் சசி இருக்கிறது, ரூபிகா கேட்டதும் அதுதான், அன்ரனுக்கும் அதுதான் பிடிக்கும், இப்போது அண்ணைக்கும் சம்மதம். போகிறான், பார்க்கிறான், ஓம் என்கிறான், கையெழுத்து விழுகிறது. அந்தோனியாரே, ஒரு ஓம். நான் கிள்ளவும் தேவையில்லை என்று கையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

கொட்டிலில் பொப்புலர் புதுக் கறுப்புப் பெயின்ற்றோடு நின்றது. ரூபிகா போன கையோடு உள்ளே ஏறி ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை அன்ரன் பார்த்தான், பார்க்கட்டும் என்றே எனக்கும் இருந்தது. ஜக்கை வைத்து உயர்த்தி, முண்டு கொடுத்து, ஒரு சின்னச் சுத்தியலோடு அடியில் போனான். தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. முன்னிருந்து பின்னுக்கு, ஒவ்வொரு சாணாக. மழை பிடித்துக்கொண்டது. கிழவன் பொறுமையிழந்து வீட்டுக்குள் போனான். அரைமணி, முக்கால் மணி. பிறகு ஒரே இடத்தில் தட்டத் தொடங்கினான். தட்டுவான், நிறுத்துவான், சுரண்டுவான், மறுபடி தட்டுவான்.

வெளியே வந்தபோது அவன் மயிரெல்லாம் கறுப்புத் தூள். எழுந்து நிற்கக் காரைப் பிடித்துக்கொண்டான்.

"சொல்லும்" என்றார் பாலச்சந்திரன் அண்ணை.

அன்ரன் ரூபிகாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், ஓம் என்று சொல்லு என்று.

"இதுவும் வேண்டாம் அண்ணை."

நான் கோட்டுக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தேன்.

"ஏன்?"

"இடப்பக்கச் சட்டம் முந்தி ஒருக்கா முறிஞ்சிருக்கு. தகடு வைச்சு ஒட்டி, பசை நிரப்பி, மேலாலை பெயின்ற் அடிச்சிருக்கு." அவன் சுத்தியல் காம்பால் இடத்தைக் காட்டினான். "முறிஞ்ச இடத்துக்கு நேர மேலைதான் பிள்ளை இருக்கிற சீற்."

"நல்லாப் பாத்தனீரோ? பிள்ளை ஆசைப்பட்டு ஏறி இருக்கிறாள்."

"பாத்தன்."

"வியாழக்கிழமை உம்மடை ரண்டெவு. தெரியும்தானே?"

"ஓம் அண்ணை."

அண்ணை கோட்டின் உள் பொக்கற்றுக்குள் கையை விட்டார். கிழித்துப் போடப்போகிறார் என்று நினைத்து நான் ஒரு அடி முன்னால் வந்தேன். அவர் படிவத்தை எடுத்து விரித்து, அந்த வாங்காத காரின் பொனற்றில் வைத்து, என்னிடம் பேனை கேட்டார். கையெழுத்து வைக்கத் தொடங்கினார், முடியவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுதினார்.

"இவள் உந்த ஓட்டக் கதையைத் தொடங்கின நாளிலை இருந்து எனக்கு நித்திரை இல்லை" என்றார், படிவத்திலிருந்து தலையைத் தூக்காமல். "நான் வேண்டாம் எண்டால் கேக்கமாட்டாள். தகப்பன் எண்டால் வேண்டாம் எண்டுதான் சொல்லுவான் எண்டு நினைப்பாள். வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு ஒரு ஆள் வேணும் அன்ரன். நீர் இஞ்சை இரும்."

ரூபிகா காருக்குள்ளிருந்து இறங்கினாள். தகப்பனுடைய முகத்தை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிரெஞ்சில் என்னவோ சொல்லத் தொடங்கி, நிறுத்திவிட்டு, அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

அண்ணை படிவத்தை நீட்டினார். அன்ரன் அதை வாங்கவில்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டி, கறள் பட்டுவிடும் என்று என்னை வாங்கச் சொன்னான். நான் வாங்கி, மழை படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.